ஒளுச் செய்யும் பாதத்தில் ஒரு கரும்புள்ளி

பஜ்ருத் தொழுகைக்கான பாங்கொலி காற்றில் மிதந்து வருகிறது. பாளையங்கால்வாய் பாயும் மேலப்பாளையத்தின் பள்ளிவாசல் ஒன்றில், ஹவுளின் கரையோரம் வரிசையாக அமர்ந்து பெரியவர்களும் இளைஞர்களும் ஒளுச் செய்கின்றனர். கைகள், முகம், தலை என்று முறையாக முடித்து, இறுதியில் வலப்பாதத்தையும் இடப்பாதத்தையும் கரண்டை வரை தேய்த்துக் கழுவுகின்றனர். இடக்கைச் சிறுவிரல் ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைந்து வெளிவருகிறது. பேட்டையிலும் பத்தமடையிலும் ஏர்வாடியிலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் அதே வேளையில் இதே காட்சிதான்.

பாதங்களைக் கரண்டை வரை கழுவுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தில் இறைவன் கட்டளையிடுகின்றான். குதிகால் நனையாமல் அவசரமாக ஒளுவை முடிப்போரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் புதிதாக ஒளுச் செய்யும் ஒருவர், ஓராண்டில் 1,825 முறை தம் பாதங்களைத் தம் கைகளாலேயே தொட்டுத் தேய்க்கிறார். உலகில் வேறு எந்தச் சமுதாயத்தவரும் தம் பாதத்தை இத்தனை முறை தீண்டுவதில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால், கை தொடும் இடத்தைக் கண் பார்க்கிறதா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி. ஏனெனில், உள்ளங்காலிலும் கால் நகத்தின் அடியிலும் தோன்றும் ஒரு கரும்புள்ளி பெரும்பாலும் வெறும் மச்சமாகவோ, இரத்தக் கன்றலாகவோ இருக்கும். மிகச் சிலருக்கு மட்டும் அது 'மெலனோமா' எனப்படும் கொடிய தோல் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கும். முன்னதற்கு அஞ்சி உறக்கம் கெடுவதும் வேண்டாம். பின்னதை அலட்சியம் செய்து உயிரை இழப்பதும் வேண்டாம். இரண்டையும் பிரித்தறியும் அடிப்படை அறிவு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவை.

மெலனோமா என்பது யாது?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது 'மெலனின்' என்னும் கருநிறமியாகும். அதை உண்டாக்கும் நுண்ணறைகளுக்கு மெலனோசைட் என்று பெயர். வெள்ளையருக்கும் நமக்கும் இந்நுண்ணறைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவில்தான் வேற்றுமை. இந்நுண்ணறைகள் ஓரிடத்தில் அமைதியாகத் திரண்டிருந்தால் அது மச்சம். அவை கட்டுப்பாட்டை இழந்து பெருகத் தொடங்கினால் அது மெலனோமா.

வெள்ளை நிறத்தோரிடம் இந்நோய் மிகுதி. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் இலட்சம் பேரில் 30-க்கும் மேற்பட்டோரை இது பீடிக்கிறது. இந்தியாவிலோ இலட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. நமது கருநிறம் சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் ஓர் இயற்கைக் குடை, அல்ஹம்துலில்லாஹ்!

ஆயினும் அந்தக் குடை காக்காத இடம் ஒன்று உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பில்லை. ஆகவே தோல் கருமையாயிருப்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. இவ்வகையை 1976-இல் ரிச்சர்ட் ரீட் என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் தனியே பிரித்துப் பெயரிட்டார். இந்தியர்களின் தோலில் மெலனோமா மிகுதியாகக் காணப்படும் இடம் முகமோ முதுகோ அன்று, பாதமே. அதிலும், பார்வைக்கு எட்டாத அடிப்பாதமே.

நோய் அரிதானது என்பதில் மகிழ்ச்சி கொள்ளலாம். அரிதாக இருப்பதாலேயே அது காலதாமதமாகக் கண்டறியப்படுகிறது என்பதை மறந்துவிடலாகாது. 'கால் ஆணி', 'முள் குத்திய வடு', 'சர்க்கரைப் புண்' என்று பல பெயர்களில் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் நோய் தொடையிடுக்கின் நெறிகட்டிகளுக்கும், அங்கிருந்து நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கும் சென்றுவிடுகிறது.

அஞ்ச வேண்டாத கருமைகள்

முதலில், நம் இல்லங்களில் அன்றாடம் காணும் தீங்கற்ற கருமைகளை அறிந்துகொள்வோம்.

தொழுகைத் தழும்பு: அத்தஹிய்யாத் இருப்பில் இடப்பாதத்தை மடித்து அதன்மீது அமர்கிறோம். பல்லாண்டுகள் தொழுதவர்களுக்கு இடக்காலின் வெளிக்கரண்டையிலும் புறங்காலிலும் தோல் தடித்துக் கறுத்துப்போவதைக் காணலாம். நெற்றியிலும் முழங்கால்களிலும் காணும் காய்ப்பைப் போன்றதே இதுவும். மருத்துவ ஏடுகளும் இதற்குத் 'தொழுகைத் தழும்பு' என்றே பெயர் சூட்டியுள்ளன. பீடித் தட்டை மடியில் வைத்து நாள்முழுதும் சம்மணமிட்டிருக்கும் சகோதரிகளுக்கும், பாய் நெய்வதற்காகத் தரையில் அமர்ந்தே உழைக்கும் பத்தமடைப் பெண்களுக்கும் இரு கரண்டைகளிலும் இத்தகைய காய்ப்பு உண்டாவதுண்டு. இதன் ஓரம் சிறிது சிறிதாக மங்கிச் சுற்றுத்தோலுடன் கலந்துவிடும், தோலின் கோடுகள் அழியாமல் தெளிவாக இருக்கும், ஆண்டுக்கணக்கில் மாறாது. இதற்கு மருந்தே தேவையில்லை.

பிறவி நிறத்திட்டுகளும் மச்சங்களும்: கருநிறத்தோரின் உள்ளங்காலில் வெளிர்பழுப்புத் திட்டுகள் பல இருப்பது இயல்பு. பெரும்பாலும் இரு பாதங்களிலும் அவை காணப்படும். தீங்கற்ற மச்சம் சிறியதாக, ஒரே நிறமாக, ஒழுங்கான விளிம்புடன் இருக்கும். சிறுவயது முதல் இருந்து, உடல் வளர்ந்த அளவுக்கே வளர்ந்திருக்கும்.

இரத்தக் கன்றல்: கபடி, கால்பந்து ஆடும் இளைஞர்களின் குதிகாலில் திடீரெனக் கரும்புள்ளிகள் தோன்றும். ஓடி நிற்கும்போது ஏற்படும் அழுத்தத்தால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த இரத்தம் மேல்தோலில் உறைந்து நிற்பதே இதன் காரணம். தோல் உதிர உதிர, சில வாரங்களில் இதுவும் மறைந்துவிடும்.

மருவும் கால் ஆணியும்: உள்ளங்கால் மருவின் நடுவே கடுகளவுக் கரும்புள்ளிகள் பல தெரியும். அவை உறைந்த இரத்த நுண்குழாய்கள். மரு, தோலின் இயற்கையான கோடுகளைத் தள்ளிவிட்டு நிற்கும். கால் ஆணியோ, செருப்பு அழுத்தும் இடத்தில் கண்ணாடிபோன்ற கெட்டிக் கருவுடன் இருக்கும். இவ்விரண்டும் புற்றுநோய் அல்ல. ஆயினும் மெலனோமாவை மருவென்றும் ஆணியென்றும் கருதி ஏமாறுவதுண்டு என்பதை நினைவிற்கொள்க.

பூஞ்சைக் கருமை: உப்புக் காற்றும் ஈரமும் நிறைந்த கடற்கரைப் பகுதிகளில், ஒரு வகைக் கரும்பூஞ்சை உள்ளங்கையிலும் சிலவேளை உள்ளங்காலிலும் படர்ந்து, மை சிந்தியதுபோன்ற கறையை உண்டாக்கும். மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பினால் சில வாரங்களில் முற்றிலும் நீங்கிவிடும்.

சாயக் கறைகள்: மருதாணி, தலைச்சாயம், சேராங்கொட்டைப் பால் ஆகியவற்றின் கறைகளும் உண்டு. தோலில் படிந்த மருதாணி ஓரிரு வாரங்களில் மங்கிவிடும். நகத்தில் படிந்தது நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை நிற்கும். இங்கே சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாள் இரவிலும் திருமணத்திலும் பாதம் முழுவதும் மருதாணி இடுகிறோம். அதன் செம்மை அடியிலுள்ள புள்ளியை மறைத்துவிடும். ஆகவே மருதாணி இடுமுன் உள்ளங்காலையும் நகங்களையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

நகத்தின் கருமை

அம்மிக்குழவி விழுந்தோ, கல்லில் இடறியோ பெருவிரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டுவது யாவரும் அறிந்ததே. கால் பெருவிரல் நகம் மாதத்திற்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவே வளரும். முழு நகமும் புதிதாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். கட்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகரும். இரண்டு மூன்று மாதங்களில் கருமைக்குப் பின்னால், நகக்கண்ணை ஒட்டித் தெளிவான புது நகம் தெரியத் தொடங்கினால் கவலைப்பட வேண்டியதில்லை. கருமை நகராமல் அதே இடத்தில் நின்றால், அடிபட்ட நினைவு இருந்தாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நகத்தின் வேரிலிருந்து நுனிவரை ஓடும் பழுப்புக் கோடு மற்றொரு வகை. கருநிறத்தோரிடம் பல விரல்களில் இத்தகைய மெல்லிய கோடுகள் இருப்பது சாதாரணம். ஆனால் ஒரே ஒரு விரலில், அதிலும் பெருவிரலில், நடுவயதுக்குப் பின் புதிதாக ஒரு கோடு தோன்றி, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, வேர்ப்பக்கம் அகலமாகவும் நுனிப்பக்கம் குறுகலாகவும் இருந்தால் அது ஐயத்துக்குரியது. கருமை நகத்தைத் தாண்டி அதைச் சூழ்ந்த தோலிலும் படர்ந்தால் ஐயம் மிகவும் வலுக்கிறது. 1886-ஆம் ஆண்டிலேயே ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இதனைச் சுட்டிக்காட்டினார். இன்றும் அவ்வடையாளம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு பாடகரின் பெருவிரல்

இந்நோயின் வரலாற்றில் உலகறிந்த ஒருவர் உண்டு. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி, கால்பந்து விளையாட்டில் பெருவிருப்பம் கொண்டவர். 1977-இல் அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் ஆறாத புண் இருந்தது. விளையாட்டில் பட்ட காயம் என்றே அது கருதப்பட்டது. பரிசோதனையில் அது மெலனோமா என்று தெரியவந்தது. விரலை எடுத்துவிட மருத்துவர்கள் அறிவுரை கூறினர். அவர் பின்பற்றிய ரஸ்தாஃபாரி சமயக் கொள்கை உடலுறுப்பை வெட்டுவதற்கு இடந்தராது என்று அவர் மறுத்தார். நகமும் அதன் அடித்திசுவும் மட்டும் அகற்றப்பட்டு, தோல் ஒட்டப்பட்டது. 1980 செப்டம்பரில் நியூயார்க் நகரப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மயங்கி விழுந்தார். நோய் அதற்குள் மூளை வரை பரவியிருந்தது. 1981 மே 11-ஆம் நாள் அவர் மரணமடைந்தார்; வயது 36.

செல்வமும் புகழும், உலகின் சிறந்த மருத்துவமும் அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கருநிறத்தோரான அவரை வெயிலால் வரும் நோய் தாக்கவில்லை. நகத்தடியில் தோன்றும் இந்த நோய்தான் தாக்கியது. 'விளையாட்டுக் காயம்' என்ற பெயர் அதற்குத் திரையாக அமைந்தது. 'சேற்றில் முள் குத்தியது', 'புதுச்செருப்புக் கடித்தது' என்று நாமும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அமைதியடைந்துவிடுகிறோம் அல்லவா?

ஐந்து கேள்விகள்

உடலின் பிற பகுதிகளில் உள்ள மச்சங்களைச் சோதிக்க, 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வகுத்தனர். இரு பாதிகளும் ஒத்திராமை, ஒழுங்கற்ற விளிம்பு, பல நிறங்கள் கலந்திருத்தல், ஆறு மில்லிமீட்டரை மிஞ்சிய அகலம் ஆகிய நான்கும் அதில் அடங்கும். மாறிக்கொண்டே வருதல் என்னும் ஐந்தாவது அடையாளம் 2004-இல் சேர்க்கப்பட்டது. பாதத்துக்கும் இவை பொருந்தும். ஆனால் இவை மட்டுமே போதா. பாதத்தில் வரும் மெலனோமாக்களில் சில கருமையே இல்லாமல், இளஞ்சிவப்புச் சதைபோல, ஆறாத புண்போலத் தோற்றமளிக்கும்.

எனவே பிரிட்டனைச் சேர்ந்த பாதநல வல்லுநர் ஐவன் பிரிஸ்டோவும் அவர்தம் குழுவினரும் 2010-இல் பாதத்துக்கென்றே ஐந்து அடையாளங்களை வகுத்தளித்தனர். அவற்றை நம் வீட்டுக் கேள்விகளாக மாற்றிக்கொள்வோம்.

1. அதன் எந்தப் பகுதியிலேனும் தோலின் நிறத்துக்கு மாறான நிறம் உள்ளதா?

2. அது இன்னதுதான் என்று மருத்துவர் எவரும் உறுதியாகக் கூறாத நிலையில் உள்ளதா?

3. இரத்தமோ நீரோ கசிகிறதா? சதை வளர்ந்து நிற்கிறதா?

4. மருந்திட்ட பின்னரும் பெரிதாகிறதா?

5. இரண்டு மாதங்களுக்கு மேலாகியும் ஆறாதிருக்கிறதா?

இவற்றுள் இரண்டுக்கு 'ஆம்' என்று விடை வந்தால் தோல் மருத்துவரையோ அறுவை மருத்துவரையோ காண்பதில் தாமதம் கூடாது. 'ஆம்' என்பதனாலேயே புற்றுநோய் என்று பொருளல்ல. உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதே பொருள். வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். தொடக்கத்தில் இந்நோய் வலிப்பதில்லை. தொடையிடுக்கில் நெறிகட்டினால் உள்ளங்காலைத் தவறாமல் பாருங்கள்.

நீரிழிவு உள்ளோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஆறாத புண் எல்லாம் சர்க்கரைப் புண் அல்ல. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும், முறையாகக் கட்டுப் போட்டும், இரண்டு மாதங்களாகப் புண் ஆறாவிடில் அதிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். அது மருத்துவரை அவமதிப்பதாகாது.

சாலும் மேடும்

தோல் மருத்துவர், ஒளியூட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைப் புள்ளியின்மீது வைத்துப் பார்ப்பார். 'டெர்மோஸ்கோப்' என்பது அதன் பெயர். உள்ளங்காலின் தோலை உற்று நோக்கினால், உழுத வயல்போல இணையிணையாகச் சால்களும் மேடுகளும் தெரியும். தீங்கற்ற மச்சத்தில் கருமை பெரும்பாலும் சாலில் ஓடும் தண்ணீரைப்போலப் பள்ளங்களில் கோடுகோடாக நிற்கும். மெலனோமாவிலோ கருமை மேட்டின்மேல் ஏறிப் பட்டைபட்டையாகப் படர்ந்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் சைடாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் கண்டறிந்து, 2004-இல் விரிவான ஆய்வின் மூலம் உறுதிசெய்த உண்மை இது. நம்மைப் போலவே ஜப்பானியருக்கும் மெலனோமா மிகுதியாக வருவது பாதத்தில்தான் என்பதே அவர்களை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டியது.

இந்த நுட்பம் பயிற்சி பெற்ற கண்ணுக்கே உரியது. கைப்பேசியில் படம் எடுத்து நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஐயம் நீங்காவிடில் மருத்துவர் அப்பகுதியை வெட்டியெடுத்து நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்புவார். இறுதி விடை அங்கேதான் கிடைக்கும்.

நோயின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே நோயாளியின் எதிர்காலத்தைப் பெரிதும் முடிவுசெய்கிறது. இதை 1970-இல் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் நிறுவிக் காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கும்போது, புள்ளியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவு நல்ல தோலையும் சேர்த்து அகற்றினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். நான்கு மில்லிமீட்டரைக் கடந்துவிட்டால் விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ இழக்க நேரிடலாம். அதற்குப் பின்னரும் நோய் திரும்பும் அச்சம் தொடரும். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகள் 2011 முதல் வந்துள்ளன. அவற்றுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அவை விலை மிகுந்தவை. பாதத்தில் வரும் மெலனோமாவில் அவற்றின் பயன் ஒப்பீட்டளவில் குறைவே. முன்கூட்டியே கண்டறிவதற்கு ஈடான மருந்து இன்றுவரை இல்லை.

செய்யக் கூடாதவை

கால் ஆணி என்று நினைத்துப் பிளேடால் செதுக்குவது நம் பகுதியில் பரவலான பழக்கம். சேராங்கொட்டையைச் சுட்டு வைப்போரும், சுண்ணாம்பும் காரமும் தடவுவோரும், கடையில் ஆணிப் பிளாஸ்திரி வாங்கி மாதக்கணக்கில் ஒட்டுவோரும் இருக்கின்றனர். கருமையோ கசிவோ உள்ள எதன்மீதும் இவற்றைச் செய்யாதீர்கள். மேற்பகுதி வெந்து உரிந்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும். அடியில் நோய் வளர்ந்துகொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்கும் மண் இது. நம் பாட்டன்மார் மருத்துவத்தைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. எம்மருத்துவமாயினும், நோயின் பெயர் தெரியுமுன் மருந்திடுதல் ஆகாது என்பதே கருத்து.

'கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்' என்ற அச்சம் இன்றும் நம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. இது உண்மையன்று. சோதனைக்காகத் திசுவை எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. எடுக்காமல் காலங்கடத்துவதால்தான் பரவுகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயும் அன்று. ஹவுளில் ஒன்றாக ஒளுச் செய்வதாலோ, ஒரே பாயில் நின்று தொழுவதாலோ எவருக்கும் வராது. ஆகவே நோயுற்றவரை ஒதுக்கிவைப்பது பெரும் பாவமாகும்.

மார்க்கம் தடையாக இல்லை

பெண்களுள் சிலர் ஆண் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டக் கூச்சப்பட்டு மாதங்களைக் கடத்திவிடுகின்றனர். நம் அரசு மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்கள் பலர் பணியாற்றுகின்றனர். அவர்கள் இல்லாத வேளையில், தேவையான அளவுக்கு மருத்துவருக்குக் காட்டுவதை மார்க்கம் அனுமதித்தே இருக்கிறது.

விரலை எடுத்துவிட்டால் ஒளு நிறைவேறுமா என்று கலங்குவோரும் உண்டு. கழுவ வேண்டிய உறுப்பில் எஞ்சியிருக்கும் பகுதியைக் கழுவினால் போதுமானது. கட்டுப் போடப்பட்டிருக்கும் காலத்தில் அதன்மீது ஈரக்கையால் தடவிக்கொள்ளச் சலுகை உண்டு. விரிவான சட்டங்களைத் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளலாம். எந்தச் சட்டமும் உயிரைக் காக்கும் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கவில்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும், முதுமை ஒன்றைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் இறைவன் மருந்தை இறக்கியிருப்பதாகவும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கமல்லவா நம்முடையது!

மாதம் ஒரு முறை

பிறை பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒவ்வொரு பிறைக்கும் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், வீட்டிலுள்ள அனைவரும் தத்தம் பாதங்களைப் பார்த்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டால் என்ன? குதிகால், உட்குழி, விரலடி, விரலிடுக்கு, பத்து நகங்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஐந்து நிமிடம் போதும். குனிய இயலாத பெரியவர்களுக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி உதவும். அதைவிட மேலானது, பிள்ளைகள் உதவுவது. "வாப்பா, காலைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மகன் தந்தையின் பாதத்தை மடியில் எடுத்துவைத்துப் பார்ப்பது பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையன்றோ! பித்தவெடிப்பில் மண் படிந்திருந்தால் நன்கு கழுவித் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

புதிய புள்ளி ஏதும் தென்பட்டால் பதற வேண்டாம். அளவுகோலை அருகில் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தேதியுடன் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிறையில் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தாலோ, மேற்கூறிய ஐந்து கேள்விகளில் இரண்டுக்கு 'ஆம்' என்றாலோ புறப்பட்டுவிடுங்கள்.

எங்கே செல்வது? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். தென்காசி மாவட்டத்தார் தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையையும், காயல்பட்டினம், ஸ்ரீவைகுண்டம் பகுதியினர் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். உயர்சிகிச்சை தேவைப்படுவோருக்கு 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. ஏழைக் குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம். ஜமாஅத்தாரும் இமாம்களும் ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் ஒதுக்கி இச்செய்தியைச் சொன்னால், ஒரு மஹல்லாவே விழிப்படையும்.

நம் உடல் நமக்குச் சொந்தமன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தின் கடைக்கோடியான பாதத்தை நாள்தோறும் கழுவும் நல்ல பழக்கத்தை மார்க்கம் நமக்குத் தந்திருக்கிறது. இனி கழுவும் கையோடு பார்க்கும் கண்ணையும் சேர்த்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு அது மன நிம்மதியை அளிக்கும்; எங்கோ ஒருவருக்கு அது உயிரையே காத்துக் கொடுக்கும்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நலமான வாழ்வையும், நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும் நல்கியருள்வானாக! ஆமீன்.